வன்னி வெக்கையில் பீப்பாக் குளிர்ப்பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சியில் குளிர்சாதனப் பெட்டி திருத்தும் தொழிலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். கெக் எனப்படும் உருக்குப் பீப்பாவிலிருந்து பியரையோ இஞ்சிச் சோடாவையோ குழாய் வழியாகக் குளிர்ச்சியாக ஊற்றித் தரும் பெட்டியொன்றை வீட்டிலேயே அமைத்துத் தருமாறு, வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பி வீடு கட்டுகிறவர்களும் அவர்களுடைய உறவினர்களும் சில ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். வெளிநாட்டில் கெக்கரேற்றர் என்று சொல்லப்படும் இதனை இங்கே பீப்பாக் குளிர்ப்பெட்டி என்று குறிப்பிடுகிறேன். என்னிடம் வந்த இத்தகைய பெட்டிகளில் பெரும்பாலானவை "குளிர் போதவில்லை" என்ற ஒரே முறைப்பாட்டுடன்தான் வந்தன. அவற்றில் இயந்திரம் பழுதாகியிருந்தவை மிகச் சிலவே.

குளிர்சாதனப் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவதே அதன் வேலை. கொட்டுவதற்கு இடமில்லாதபோதும், உள்ளே இருக்கும் குளிர்ந்த காற்று ஊற்றும் குழாய்வரை போய்ச் சேராதபோதும் குறை தோன்றுகிறது. கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைப் பற்றியவை.

எதை அடிப்படைப் பெட்டியாக எடுப்பது: நிமிர்ந்து நிற்கும் குளிர்சாதனப் பெட்டியையா, மேலே திறக்கும் டீப் பிரீசரையா?

எங்கள் பகுதிக்கு நான் டீப் பிரீசரையே பரிந்துரைப்பேன். நிமிர்ந்த பெட்டியின் கதவைத் திறந்தவுடன் குளிர்ந்த காற்று பாரமானது என்பதால் காலடியில் வழிந்து போய்விடும்; மேலே திறக்கும் பெட்டியில் அது கிணற்று நீர் போல உள்ளேயே தங்கும். டீப் பிரீசரின் சுவரில் உள்ள வெப்பத்தடுப்பு நுரையும் தடிப்பானது. நிமிர்ந்த பெட்டிக்கும் ஒரு நன்மை உண்டு: நிரம்பிய 19 லீற்றர் பீப்பா ஏறக்குறைய 23 கிலோகிராம் நிறையுள்ளது. அதனை இடுப்பளவு உயரத்துக்குத் தூக்கி உள்ளே இறக்குவது எல்லோருக்கும் இயலாது. வீட்டில் முதியவர் மட்டுமே இருப்பாராயின் நிமிர்ந்த பெட்டியே பொருத்தம்.

வாங்குவதற்கு முன் பீப்பாவின் அளவை நாடாவால் அளந்துகொண்டு போங்கள். 19 லீற்றர் பீப்பா ஏறக்குறைய 22 சென்ரிமீற்றர் அகலமும் 63 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டது. அதன் தலையில் மாட்டும் இணைப்புகளுக்கு மேலும் ஐந்தாறு சென்ரிமீற்றர் தேவை. டீப் பிரீசரின் அடியில், வாயுவை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசர் இருக்கும் பக்கத்தில் ஒரு படி உண்டு. அந்தப் படியின் மேல் பீப்பா நிற்காது, பானத்தைத் தள்ளும் காபனீரொட்சைட்டுச் சிலிண்டர்தான் நிற்கும்.

ஐரோப்பாவிலிருந்து கொள்கலனில் வந்த நல்ல நிறுவனப் பெட்டி, இங்கே ஓய்வில்லாமல் ஓடியும் குளிராதது ஏன்?

பெட்டியின் உட்பக்கத்திலோ பின்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும் தகட்டைப் பாருங்கள். அதில் காலநிலை வகுப்பு என்று ஓர் எழுத்து இருக்கும். "என்" என்ற எழுத்து, சுற்றாடல் வெப்பநிலை 16 முதல் 32 பாகை செல்சியஸ் வரை உள்ள இடத்துக்காகச் செய்யப்பட்ட பெட்டி என்று பொருள்படும். "எஸ்.ரி." என்பது 38 பாகை வரைக்கும், "ரி" என்பது 43 பாகை வரைக்கும் உரியது. இங்கே கோடையில் நிழலிலேயே 33 முதல் 36 பாகை நிற்கும்போது, 32 பாகைக்கு அளவெடுத்த பெட்டியிடம் அதன் ஆற்றலுக்கு மீறியதைக் கேட்கிறோம்.

இதனை இப்படியும் கணக்கிடலாம். இலண்டன் வீட்டில் 20 பாகை அறையில் 4 பாகையில் வைத்த பெட்டிக்கு உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் 16 பாகை. அதே பெட்டி இங்கே 36 பாகையில் நிற்கும்போது வித்தியாசம் 32 பாகை. சுவர் வழியாகக் கசியும் வெப்பம் அந்த வித்தியாசத்தைப் பொறுத்தது என்பதால், வேலை சரியாக இரு மடங்காகிவிடுகிறது. அதோடு சூடான காற்றில் நிற்கும் கொண்டென்சர் வெப்பத்தை வெளிவிடச் சிரமப்படுவதனால் கொம்பிரசரின் ஆற்றலும் குறைகிறது. ஆகவே இடம் மாற்றுவதற்கும் காற்றோட்டத்துக்கும் செலவிடும் ஒரு நாள், புதிய கொம்பிரசருக்குக் கொடுக்கும் பணத்தைவிடப் பயன் தரும்.

கனடாவில் இருக்கும் உறவினர் அங்கேயே செய்த பெட்டியை அனுப்ப விரும்புகிறார். ட்ரான்ஸ்போமர் வைத்து ஓட்டலாமா?

வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்த நாட்டின் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். எங்களுடையது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வோல்ட்டை மட்டுமே குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. 60 ஹேர்ட்ஸ் மோட்டார் 50 ஹேர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுழலும். 120 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் சுற்றுகள் அளவுக்கு மீறிச் சூடாகும். 100 வோல்ட் அளவில் கொடுத்தால் சூடு குறையும், ஆனால் குளிரும் குறைவாகவே கிடைக்கும். ஊற்றும் குழாய், சிலிண்டரின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேற்றர், இணைப்புகள், பீப்பா ஆகியவற்றை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். அவற்றில்தான் பணத்தின் பெரும் பகுதி இருக்கிறது. பெட்டியை இங்கேயே எடுக்கலாம்.

வீட்டில் எந்த இடத்தில் வைப்பது?

விருந்தினர் வந்து அமரும் விறாந்தையில் வைக்க எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். அந்த ஆசையை நான் நன்கு அறிவேன். ஆனால் தகரக் கூரை போட்ட விறாந்தையில் மதியத்துக்குப் பின் 40 பாகையைத் தாண்டுவதை நானே அளந்திருக்கிறேன். மேற்குச் சுவரில் முட்டி நிற்கும் பெட்டி, வெயில் இறங்கிய பின்பும் அந்தச் சுவரின் சூட்டைக் குடித்துக்கொண்டிருக்கும். ஓட்டுக் கூரைக்குக் கீழே, வடக்கு அல்லது கிழக்குப் பக்க அறையில், அடுப்பிலிருந்து விலகிய மூலையொன்றே உகந்தது. பெட்டியைச் சுற்றி நான்கு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மேசை போல அழகாகப் பலகை அடித்து மூடுவதற்குத் தச்சரிடம் சொல்லியிருந்தால், கீழேயும் மேலேயும் காற்று நுழைந்து வெளியேறும் வழியை முதலில் வரைந்து கொடுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிரவல் வீதிப் புழுதி கொண்டென்சரின் கம்பிகளில் கம்பளி போலப் படியும். அந்தக் காலத்தில் மாதம் ஒரு முறை, மின்செருகியைக் கழற்றிவிட்டு மெல்லிய தூரிகையால் துடைத்தெடுங்கள். குளிர் குறைந்துவிட்டதென்று என்னை அழைத்த பல வீடுகளில் நான் செய்தது இந்த ஒன்றுதான்.

குழாய் பொருத்துவதற்கு டீப் பிரீசரின் பக்கச் சுவரில் துளையிடலாமா?

இடக்கூடாது. பல டீப் பிரீசர்களில் கொண்டென்சர் குழாய் வெளித்தகட்டின் உட்புறத்தோடு ஒட்டியபடி சுவர் முழுவதும் சுற்றி ஓடுகிறது. உட்தகட்டின் பின்னால் குளிரூட்டும் குழாயும் ஓடுகிறது. தொழிலின் தொடக்க காலத்தில், பரந்தனில் ஒரு வீட்டில், "இந்த இடத்தில் குழாய் இருக்காது" என்ற என் ஊகத்தை நம்பித் துளையிட்டேன். சீறும் ஓசை கேட்டது. சில நிமிடங்களில் அந்தப் பெட்டி வெறும் இரும்புப் பெட்டியாகிவிட்டது. பிழை முற்றிலும் என்னுடையது என்பதால் இன்னொரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன்.

இப்பொழுது வரும் பெட்டிகளில் ஐசோபியூட்டேன் என்னும் ஆர் 600ஏ வாயு நிரப்பப்பட்டிருப்பது வழக்கம். அது எரியக்கூடியது. துளை விழுந்தால் பணம் மட்டுமன்றி வீடும் ஆபத்துக்குள்ளாகும். நிமிர்ந்த பெட்டியில் கதவின் ஊடாகத் துளையிடுவது பெரும்பாலும் பாதுகாப்பானது. அங்கேயும் ஊற்றும் குழாயைத் தாங்கும் உலோகத் தூணை மேல்தட்டில் பொருத்த வேண்டுமானால், சோள மாவை மதுசாரத்தில் குழைத்து மெல்லியதாகப் பூசிப் பெட்டியை ஓடவிடுங்கள். கீழே சூடான குழாய் ஓடும் கோட்டில் மா முதலில் உலர்ந்து வெண்மையாகத் தெரியும். மதுசார ஆவி கலையும்வரை அருகில் நெருப்பு இருக்கக் கூடாது.

அப்படியானால் டீப் பிரீசரில் குழாயை எங்கே பொருத்துவது?

மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு மரச் சட்டகம் வைத்து, அந்த மரத்தின் ஊடாகப் பொருத்த வேண்டும். மூடியின் பிணைச்சலைக் கழற்றி, பெட்டியின் வாய் அளவுக்கு 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயரத்தில் நான்கு பலகைகளால் சட்டகம் செய்து, அதன் மேல் மூடியைத் திரும்ப மாட்டலாம். பெட்டியின் உடலில் ஒரு துளை கூட விழுவதில்லை. பீப்பாவுக்கு உயரமும் கூடுகிறது. முதிரைப் பலகை அழகானதுதான். ஆனால் பாரம் கூடியது, பிணைச்சலை இழுக்கும். நன்கு உலர்ந்த தேக்கு போதுமானது.

இங்கே ஒரு குறையைப் பலர் கவனிப்பதில்லை. மரம் வெப்பத்தைத் தடுப்பதில் நுரையைவிட நான்கு மடங்கு அளவுக்குப் பின்தங்கியது. பலகையின் உட்புறத்தில் இரண்டு அங்குல ரெஜிபோம் தகட்டை இடைவெளியில்லாமல் ஒட்டி, மூட்டுகளை சிலிக்கோன் பசையால் அடைத்துவிட வேண்டும். முல்லைத்தீவில் மீன் ஏற்றும் ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் எவ்வளவு நேரம் கரையாமல் கிடக்கிறது என்பதைக் கண்டவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. சட்டகம் பெட்டியின் வாயில் அமரும் இடத்தில் இறப்பர் நாடா ஒட்டுங்கள். பின்னர் இருபது ரூபாய்த் தாளொன்றை மூடியின் இடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் தாள் தடையின்றி வருகிறதோ அந்த இடத்தால் குளிர் போகிறது.

வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியை எப்படி அமைப்பது? அதன் உணரியை எங்கே வைப்பது?

டீப் பிரீசரின் சொந்தத் தேர்மோஸ்ரற் உறைநிலைக்குக் கீழே வேலை செய்வதற்கானது. அதன்படி விட்டால் பியர் உறைந்துவிடும். 5 சதவீத மதுசாரமுள்ள பியர் ஏறக்குறைய சுழியத்துக்குக் கீழே 2 பாகையில் உறையத் தொடங்கும். எனவே வெளியே ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். எஸ்.ரி.சி. 1000 என்ற வகை மலிவானது, ஆனால் அதன் பின்புறத்தில் 230 வோல்ட் முனைகள் திறந்தே இருக்கும். மூடிய பெட்டிக்குள் பொருத்தி, நில இணைப்பும் கொடுத்து, தகுதியுள்ள மின்னிணைப்பாளரைக் கொண்டு செய்விக்க வேண்டும். செருகியில் மாட்டி உடனே பயன்படுத்தக்கூடிய இங்பேர்ட் போன்றவை விலை கூடியவை. கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு அவையே நல்லவை.

பெட்டியின் சொந்தத் தேர்மோஸ்ரற்றை மிகக் குளிரான நிலையில் விட்டுவிட்டு, வெளிக்கருவியில் 3.5 பாகையும், ஏற்றத்தாழ்வு 1 பாகையும், கொம்பிரசர் தாமதம் 5 நிமிடமும் வையுங்கள். இந்தத் தாமதம் மிக முக்கியமானது: நின்ற கொம்பிரசரில் அழுத்தம் சமநிலைக்கு வருமுன் மீண்டும் தொடங்கினால் மோட்டார் திணறிச் சூடேறும்.

உணரியைக் காற்றில் தொங்கவிடுவதே நான் காணும் பொதுவான பிழை. காற்று நொடியில் சூடாகி நொடியில் குளிரும். மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கொம்பிரசர் ஓடும். எங்களுக்குக் குளிர வேண்டியது பானம், காற்றல்ல. ஆகவே உணரியைப் பீப்பாவின் பக்கத்தில், கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைத்து, அதன் மேல் உள்ளங்கையளவு ரெஜிபோம் துண்டை வைத்து நாடாவால் இறுகக் கட்டுங்கள். மேலே கட்டினால், பானம் குறைந்த பின் அது வெறும் வாயுவின் வெப்பநிலையையே சொல்லும். கருவி காட்டும் எண்ணை நம்புமுன், உடைத்த ஐஸும் சிறிது நீரும் கலந்த குவளையில் உணரியை வைத்துப் பாருங்கள்; சுழியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த வித்தியாசத்தைக் கருவியிலேயே திருத்தலாம்.

காலையில் வைத்த பீப்பா மாலையாகியும் குளிரவில்லை. பெட்டி பழுதா?

பெரும்பாலும் இல்லை. 19 லீற்றர் பானத்தை 32 பாகையிலிருந்து 4 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 2,230 கிலோயூல் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். கசிவுகள் போக நிகரமாக 80 வாட் அளவில் வெப்பம் நீங்குகிறது என்று எடுத்துக்கொண்டாலும் எட்டு மணித்தியாலம் பிடிக்கும். உள்ளே காற்று அசையாமல் நின்றால் அதைவிடவும் கூடும், ஏனெனில் அசையாத காற்று வெப்பத்தை மந்தமாகவே கடத்தும். விருந்துக்கு முதல் நாள் காலையிலேயே பீப்பாவை உள்ளே இறக்கிவிடுங்கள். ஊற்றிக்கொண்டிருக்கும் பீப்பாவுக்கு அருகில் சூடான புதிய பீப்பாவை வைத்தால் இரண்டுமே கெடும். புதியதை இரவில், ஊற்றும் வேலை முடிந்த பின் வையுங்கள்.

இதற்குச் செலவு மிகக் குறைந்த மேம்பாடு, கணினியில் இருக்கும் 12 வோல்ட் சிறு விசிறியொன்றைப் பெட்டிக்குள் பொருத்துவதாகும். அது ஓரிரு வாட் மட்டுமே எடுக்கும். விசிறி இல்லாத பெட்டியில் அடியில் 2 பாகையும் மேலே 8 பாகையும் நிற்பதுண்டு. விசிறி வைத்தால் இரண்டும் நெருங்கிவிடும். பெரிய விசிறி வைத்தால் இன்னும் நல்லதல்லவா என்று கேட்கிறார்கள். விசிறி எடுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் பெட்டிக்குள் வெப்பமாகத்தான் முடியும். சிறியதே போதும்.

முதல் குவளை முழுவதும் நுரையாகவும், மூன்றாவது குவளை நன்றாகவும் வருகிறது. என்ன காரணம்?

நுரையைப் பார்த்தவுடன் எல்லோரும் அழுத்தத்தைத் திருகத் தொடங்குகிறார்கள். ஆனால் நீங்கள் சொல்லும் அடையாளம் தெளிவானது: பீப்பாவில் இருக்கும் பானம் குளிர்ந்திருக்கிறது, போகும் வழி சூடாக இருக்கிறது. காபனீரொட்சைட்டு குளிர்ந்த பானத்தில் அடங்கிக் கிடக்கும். பானம் சூடானால் வெளியே பாயும். பெட்டிக்கு மேலே நிற்கும் உலோகத் தூண் அறையின் 33 பாகையில் ஊறிக் கிடக்கிறது. தூணுக்குள் இருக்கும் குழாயில் பத்துப் பதினைந்து மில்லிலீற்றர் பானமே நிற்கும், அதனால் பெரிய தீங்கில்லை. ஊற்றும் குழாயின் பாரமான உலோகம்தான் வந்து மோதும் பானத்தைச் சூடாக்கிக் கலைக்கிறது. இரண்டு குவளை ஊற்றியதும் உலோகம் குளிர்ந்துவிடுவதால் மூன்றாவது நன்றாக வருகிறது.

தீர்வு, பெட்டியின் அடியில் தேங்கும் குளிர்ந்த காற்றைத் தூணின் உச்சிவரை கொண்டுபோவது. ஊதுகுழல் வகை விசிறியொன்றைக் கீழே வைத்து, அதன் வாயிலிருந்து 15 முதல் 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள நெகிழ்குழாயைத் தூணின் உள்ளே உச்சிவரை ஏற்றுங்கள். காற்று மேலே போய்த் தூணின் மீதி இடைவெளியால் திரும்பக் கீழே வர வழி இருக்க வேண்டும். அடிவாயைப் பசையால் முழுவதும் அடைத்துவிட்டு, காற்று ஏறவில்லை என்று அழைத்தவர்கள் உண்டு. சாதாரண இலை விசிறி ஒடுங்கிய குழாய்க்குள் காற்றைத் தள்ளாது என்பதனால்தான் ஊதுகுழல் வகையைச் சொல்கிறேன். தூணின் உட்புறத்தில் ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நுரைக்குழாயை ஒட்டிவிட்டால், மாரி காலத்தில் தூண் வியர்த்து மேசையில் நீர் வடிவதும் நின்றுவிடும்.

தூணே வேண்டாம், மரச் சட்டகத்தின் ஊடாகக் குழாயை நேரே வெளியே எடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. தோற்றம் சற்றுக் குறையலாம், ஆனால் வெயில் படும் உலோகமும் குறைகிறது.

இவையெல்லாம் செய்தும் ஒவ்வொரு குவளையும் நுரைத்தால்தான் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். 3 முதல் 4 பாகையில் பியருக்கு 10 முதல் 12 பி.எஸ்.ஐ. போதும், பீப்பாவிலிருந்து பானத்தைக் கொண்டுபோகும், உள்விட்டம் 5 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த நெகிழ்குழாய் மூன்று மீற்றர் நீளம் இருக்க வேண்டும். இஞ்சிச் சோடாவுக்கு 25 முதல் 30 பி.எஸ்.ஐ. வேண்டும் என்பதால் அதன் குழாயும் ஏறக்குறைய இரு மடங்கு நீளமாக, பெட்டிக்குள்ளேயே வளையமாகச் சுருண்டு கிடக்க வேண்டும்.

"காஸ்" அடித்தால் குளிர் கூடுமா?

கூடாது. பெட்டிக்குள் இருக்கும் வாயு எரிபொருளல்ல, தீர்ந்துபோவதற்கு. அது மூடிய வளையத்துக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதற்குச் சமம். அளவுக்கு மிஞ்சி நிரப்பினால் குளிர் இன்னும் குறையும். ஆர் 600ஏ பெட்டிகளில் நிரப்புவது சில பத்துக் கிராம் மட்டுமே என்பதால் தராசில் நிறுத்துத்தான் நிரப்ப வேண்டும். கையால் தொட்டுப் பார்த்து நிரப்புகிறேன் என்று சொல்பவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.

பெட்டியின் வெளிப்புறம் முழுவதும் ரெஜிபோம் சுற்றினால் குளிர் தங்குமா?

நல்ல நோக்கம்தான், ஆனால் டீப் பிரீசருக்கு இது பெருந்தீங்கு. முன்னர் சொன்னதுபோல் அதன் பக்கச் சுவர்தான் வெப்பத்தை வெளிவிடும் இடம். ஓடும்போது சுவரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் அதற்குப் போர்வை போர்த்தக் கூடாது. மூடியின் மேல் மட்டும் ஒட்டலாம்.

பெட்டிக்குள் நீர் தேங்குகிறது, பூஞ்சணமும் பிடிக்கிறது. என்ன செய்வது?

ஐப்பசி, கார்த்திகை மழையோடு இந்தக் கேள்வி வரத் தொடங்கும். ஈரக் காற்று உள்ளே நுழைந்து, சுவரில் உறைபனியாகப் பிடித்து, கொம்பிரசர் நிற்கும்போது உருகி அடியில் சேர்கிறது. மூடியின் இடுக்குகளை முதலில் அடையுங்கள். சிலிக்கா ஜெல் ஒரு கிலோகிராமை துணிப்பையில் கட்டித் தொங்கவிட்டு, அது நிறம் மாறும்போது அடுப்புச் சூட்டில் உலர்த்தித் திரும்பப் பயன்படுத்தலாம். சிந்திய பானத்தைத் துடைக்காமல் விட்டால் எந்த ஜெல்லும் பூஞ்சணத்தைத் தடுக்காது.

மின்னழுத்தம் குறைவு, மின்வெட்டு ஆகியவற்றை எப்படிச் சமாளிப்பது?

மின்மாற்றியிலிருந்து தொலைவில், கம்பியின் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலை நேரத்தில் மின்னழுத்தம் இறங்கும். அப்போது கொம்பிரசர் "ம்ம்" என்று முனகி, பின் "டிக்" என்று நிற்கும். இதனைப் பல நாட்கள் பொறுத்துக்கொண்டிருந்தால் மோட்டார் எரிந்துவிடும். கொம்பிரசர் ஓடும்போது நூறு, நூற்றைம்பது வாட்தான் எடுக்கும் என்றாலும், தொடங்கும் கணத்தில் பல மடங்கு கேட்கும். ஆகவே 1,000 வி.ஏ. அளவுள்ள, தாமதத் தொடக்கம் கொண்ட ஸ்ரெபிலைசரை வைத்துக்கொள்ளுங்கள். இன்வேர்ட்டரில் ஓட்டுவதானால் தூய சைன் அலை தருவதாக இருக்க வேண்டும்.

2022ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில், மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்சாரம் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் நான் கற்றுக்கொண்டது, நிரம்பிய பீப்பாவே ஒரு குளிர்ச் சேமிப்பு என்பதாகும். இரண்டு பீப்பாக்களில் 38 லீற்றர் 4 பாகையில் இருக்க, பெட்டிக்குள் 30 வாட் வெப்பம் கசிகிறது என்று வைத்தால், மணிக்கு ஏறக்குறைய 0.7 பாகையே ஏறும். உள்ளே ஒன்றரை லீற்றர் போத்தல் ஒன்றில் உறைந்த நீர் இருந்தால், அது உருகி முடியும்வரை நான்கு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட கசிவைத் தானே ஏற்றுக்கொள்ளும். மின்சாரம் போனவுடன் இரண்டு போத்தல்களை இறக்கிவிட்டு, மூடியைத் திறக்காமல் இருங்கள்.

காபனீரொட்சைட்டுச் சிலிண்டரை வெளியே வைப்பதா, உள்ளே வைப்பதா?

இடமிருந்தால் உள்ளே, படியின் மேல் வையுங்கள். சிலிண்டருக்குள் இந்த வாயு திரவமாக இருக்கிறது. 4 பாகையில் அதன் அழுத்தம் 39 பார் அளவு, 20 பாகையில் 57 பார், 30 பாகையில் 72 பார். 31 பாகையைத் தாண்டினால் அது திரவமாக இருக்க முடியாத நிலைக்குப் போய், நிரப்பிய அளவைப் பொறுத்து அழுத்தம் வேகமாக ஏறும். எங்கள் ஊரில் 31 பாகை என்பது காலை பத்து மணி. வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் நிரம்பிய சிலிண்டரை விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்திக் கட்டி வையுங்கள், இணைப்புகளில் சவர்க்கார நீர் பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். இந்த வாயு காற்றைவிடப் பாரமானது, மணமற்றது. யன்னல் மூடிய சிறு அறையில் கசிந்தால் தரையில் தேங்கி மூச்சை அடைக்கும். டீப் பிரீசருக்குள் தலையை நுழைக்குமுன் மூடியைச் சிறிது நேரம் திறந்து விடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் மூடிக்குப் பூட்டு அவசியம்.

பனங்கள்ளையோ கருப்பநீரையோ பீப்பாவில் வைக்கலாமா?

இந்தக் கேள்வியை ஆசையோடு கேட்கிறார்கள், எனக்கும் அந்த ஆசை உண்டு. கள் உயிருள்ள பானம். 4 பாகையில் புளிப்பது மந்தமாகுமேயன்றி நிற்பதில்லை. மூடிய பீப்பாவுக்குள் அது தானே வாயுவை உண்டாக்கி அழுத்தத்தை ஏற்றும். ஆகவே அழுத்தம் விடும் வால்வு உள்ள பீப்பாவாக இருக்க வேண்டும், காலையும் மாலையும் வால்வை இழுத்து விட வேண்டும், இரண்டு நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும். இறக்கிய உடனேயே குளிர வைத்தால்தான் பயன். மதியம்வரை முட்டியில் கிடந்த கள்ளைக் குளிரூட்டினால் குளிர்ந்த புளிப்புத்தான் கிடைக்கும். சுண்ணாம்பு இட்ட கருப்பநீரை மண்டி தெளிய விட்டு, துணியில் இரு முறை வடித்த பின் ஊற்றுங்கள். மண்டி ஊற்றும் குழாயை அடைத்துவிடும்.

வீட்டிலேயே பியர் காய்ச்சிப் பீப்பாவில் அடைக்கலாமா?

இலங்கையில் அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் தயாரிப்பது மதுவரிச் சட்டத்தின்படி குற்றமாகும். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுபானம் விற்பதும் தடைசெய்யப்பட்டது. இஞ்சிச் சோடா, நன்னாரி, தேசிக்காய்ப் பானங்களுக்கு அந்தத் தடைகள் இல்லை. நான் அமைத்த பெட்டிகளில் பாதிக்கு மேல் அவற்றைத்தான் ஊற்றுகின்றன.

ஒரு நாள் கலியாண வீட்டுக்கு மட்டும் தேவை. பெட்டி இல்லாமல் குளிரூட்ட வழியுண்டா?

உண்டு. பெரிய பிளாஸ்ரிக் வாளியில் பீப்பாவை நிறுத்தி, கழுத்துவரை உடைத்த ஐஸும் நீரும் நிரப்புங்கள். நீர் சேர்க்காமல் வெறும் ஐஸ் போடுவது பிழை. ஐஸ் துண்டுகளுக்கு நடுவில் இருக்கும் காற்று குளிரைக் கடத்தாது, நீர் பீப்பாவின் உடல் முழுவதையும் தொட்டுக் கடத்தும். 19 லீற்றர் பானத்தை 32 பாகையிலிருந்து 4 பாகைக்கு இறக்க ஏழு கிலோகிராமுக்குச் சற்றுக் குறைந்த ஐஸ் உருக வேண்டும். வாளி, பீப்பா, வெளிச்சூடு எல்லாவற்றுக்கும் சேர்த்து பன்னிரண்டு கிலோகிராம் வாங்குங்கள், அன்று மாலைவரை வைத்திருக்க வேண்டுமானால் இன்னொரு பன்னிரண்டு. வாளியைச் சுற்றி ஈரச் சாக்கும் அதன் மேல் ரெஜிபோம் தகடும் கட்டினால் நீடிக்கும். மீனுக்கு விற்கும் பாளம் ஐஸை வாளிக்குள் மட்டும் பயன்படுத்துங்கள், குவளைக்குள் போடாதீர்கள். பந்தலின் தெற்கு, மேற்குப் பக்கங்களை விட்டு மரநிழலில் வையுங்கள், ஊற்றும் குழாயையும் அதே ஐஸ் நீருக்குள் அரை மணித்தியாலம் கிடத்திவிட்டுப் பின்னர் மாட்டுங்கள்; முதல் குவளையே நுரையில்லாமல் வரும்.